பட்ஜெட் யோசனைத் தளம்: பணம் எந்த நிதியிலிருந்து என்பதையும் காட்டட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தில் எந்தச் செலவைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று ஊரில் குடியிருப்பவர்களே யோசனை எழுதி, அதற்கு மற்றவர்களின் ஆதரவையும் திரட்டிக்கொள்ளும்படியான ஓர் இணையதளத்தைக் குன்னூர் வட்டாரத்து இளைஞர்கள் சிலர் தங்கள் சொந்த நேரத்தில் உருவாக்கி வருகிறார்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருளாக அதை வெளியிடுவது அவர்கள் எண்ணம். நகராட்சிக் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் என்னை அழைத்து அதன் சோதனை வடிவத்தைக் காட்டினார்கள். முயற்சியை மனமார வரவேற்கிறேன். ஆனால் இப்போதுள்ள வடிவத்திலேயே அது வெளிவந்தால், அதில் பதிவாகும் யோசனைகளில் பெரும்பாலானவை நகர்மன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியலைக்கூட எட்டாது என்பது என் கருத்து. இந்த மாதிரித் தளங்களைப் பற்றி மலையில் மற்ற ஊர்களிலும் பேச்சு எழுந்திருப்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அவர்கள் காட்டிய மாதிரி யோசனை, கடைவீதிக்கு இறங்கும் படிக்கட்டுப் பாதையில் ஆறு தெருவிளக்குகள் போட வேண்டும் என்பது. நியாயமான கோரிக்கை. மழைக்காலத்தில் பொழுது சாயும் முன்பே மூடுபனி இறங்கிவிடும் ஊரில், பாசி பிடித்த கருங்கல் படியில் கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டே இறங்கியவர் யாரும் அதை ஆடம்பரம் என்று சொல்ல மாட்டார். யோசனையை எழுதி முடித்ததும் 'பணம் எங்கிருந்து?' என்று தளம் கேட்கிறது. கேட்க வேண்டிய கேள்விதான். கேட்டுவிட்டு, நகராட்சியின் எல்லாச் செலவுத் தலைப்புகளையும் ஒரே வட்டத்துக்குள் வண்ணத் துண்டுகளாகக் காட்டி, எதை வேண்டுமானாலும் விரலால் இழுத்துச் சுருக்கிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுகிறது. காட்டிக்கொண்டிருந்த தம்பி குடிநீர்த் துண்டைக் கொஞ்சம் சுருக்கினார். தெருவிளக்குத் துண்டு அந்த அளவுக்குப் பெரிதானது. 'பட்ஜெட் சமநிலையில் உள்ளது' என்று பச்சை எழுத்தில் வந்தது. திரையில் நடந்த இந்த மாற்றத்தை எந்த நகர்மன்றமும் அப்படியே செய்துவிட முடியாது.

தமிழ்நாட்டில் நகராட்சியின் பணம் ஒரே பெட்டியில் இருப்பதில்லை. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வழங்கல் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என மூன்று நிதிகள் உண்டு. மூன்றுக்கும் வரவு தனி, செலவு தனி, கணக்குப் புத்தகமும் தனி. நாம் ஒரே தொகையாகக் கட்டும் சொத்து வரிகூட உள்ளே போனதும் பொதுச் செலவுக்கு இவ்வளவு, குடிநீருக்கும் வடிகாலுக்கும் இவ்வளவு, கல்விக்கு இவ்வளவு என்று பிரிந்துவிடும். வீட்டுக் குழாய்க்கு நாம் கட்டும் குடிநீர்க் கட்டணம் இரண்டாவது நிதியில் சேரும். தெருவிளக்கு, சாலை, குப்பை அள்ளுவது எல்லாம் முதல் நிதியின் பொறுப்பு. ஒரு நிதியிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடுவதை மன்றம் நினைத்த மாத்திரத்தில் செய்ய முடியாது. செய்தால் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் தடை எழுதிவிடுவார்கள், அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே கணக்குப் பிரிவின் காலம் போய்விடும். ஆகவே குடிநீரைச் சுருக்கி விளக்குப் போடச் சொல்லும் யோசனைக்கு ஆயிரம் பேர் ஆதரவு தந்தாலும், அலுவலகம் 'விதிப்படி இயலாது' என்ற ஒரே வரியில் அதைத் திருப்பிவிடலாம். அந்த வரி சட்டப்படி சரியாகவும் இருக்கும் என்பதுதான் சங்கடம். அந்த ஆயிரம் பேரும் அடுத்த ஆண்டு தளத்தின் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

நிதிக்குள்ளேயும் கட்டுகள் இருக்கின்றன. மத்திய அரசின் வருவாயைப் பகிர்வது பற்றிப் பரிந்துரைக்கும் பதினைந்தாவது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு, நம்முடையவை போன்ற சிறிய நகரங்களுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. மீதி 40 விழுக்காட்டைத்தான் உள்ளூர்த் தேவைக்குச் செலவிட முடிந்தது. அதிலும் சம்பளமோ நிர்வாகச் செலவோ பார்க்கக் கூடாது என்று விதி இருந்தது. மாநில அரசின் திட்ட நிதிகள் அந்தந்தத் திட்டத்துக்கென்றே வருபவை. சொந்த வருவாயில் சம்பளம், ஓய்வூதியப் பங்களிப்பு, மின் கட்டணம், துப்புரவு ஒப்பந்தம், கடன் தவணை ஆகியவற்றைக் கழித்த பிறகு கையில் நிற்பதுதான் மன்றம் உண்மையில் விவாதிக்கக்கூடிய தொகை. அது எவ்வளவு என்பதை முகப்பிலேயே போட்டுவிட்டு, யோசனைகளை அதற்குள் கேட்பதே நேர்மையான வழி. மொத்த பட்ஜெட்டைக் காட்டி 'இது உங்கள் பணம், மாற்றுங்கள்' என்று அழைப்பது கேட்க நன்றாக இருக்கும். நகராட்சிக் கணக்கில் அதற்கு இடமில்லை.

இம்மாதிரி முயற்சிகள் நிலைத்த இடங்களில் முதலில் தொகையைத்தான் வரையறுத்தார்கள். பாரிஸ் நகரம் 2014இல் தொடங்கியபோது மூலதனச் செலவில் 5 விழுக்காட்டை மக்கள் முடிவுக்கென்று தனியே எடுத்து வைத்தது. நம் நாட்டில் புனே மாநகராட்சி 2006 முதல் வார்டு அலுவலகங்கள் வழியாகப் படிவம் வாங்குகிறது. ஒரு வேலைக்கு ரூ.5 லட்சம் வரை என்ற உச்சவரம்போடுதான் வாங்குகிறது. இதற்கெல்லாம் முன்னோடியான பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே 1989இல் தொடங்கியபோது இணையம் கிடையாது. வட்டாரம் வட்டாரமாகக் கூட்டம் போட்டு, கணக்கை அங்கேயே விளக்கி, முன்னுரிமையை மக்களே வரிசைப்படுத்தினார்கள்.

புனேயின் ரூ.5 லட்சத்தை அப்படியே மலைக்குக் கொண்டுவர முடியாது. எம்-சாண்ட், ஜல்லி, சிமென்ட், கம்பி எல்லாம் கீழிருந்து மலை ஏறி வருபவை. லாரி நிற்கும் இடத்துக்கும் வேலை நடக்கும் இடத்துக்கும் நடுவே நூறு படி இருந்தால் அத்தனையும் தலைச்சுமைதான். சமவெளியில் மூன்றடி உயரத் தடுப்புச் சுவர் எழுப்பும் பணத்தில் இங்கே அடித்தளம் தோண்டவே போதாமல் போகும் இடங்கள் இருக்கின்றன. ஆகவே யோசனை எழுதுபவரிடமே 'உத்தேசச் செலவு எவ்வளவு?' என்று தளம் கேட்பது வீண். எதை எழுதினாலும் பாதிக்குப் பாதி குறைத்துத்தான் எழுதுவார். பிறகு பொறியியல் பிரிவின் மதிப்பீடு வரும்போது ஏதோ தில்லுமுல்லு என்று சந்தேகப்படுவார். செலவைக் கணக்கிடுவது அலுவலகத்தின் வேலை. அந்த மதிப்பீட்டை, மலைக்கான கூடுதல் விகிதம், சுமைக்கூலி என்று பிரித்து, யோசனைக்குக் கீழேயே வெளியிடுவதைத்தான் தளம் வற்புறுத்த வேண்டும்.

இதற்கு ஏற்கெனவே நடைமுறையில் உள்ள மாதிரி ஒன்று உண்டு. மாட்ரிட் நகர நிர்வாகம் 2015இல் தொடங்கிய தளத்துக்காக எழுதிய கான்சுல் என்னும் மென்பொருளைப் பிறகு பல நாடுகளின் நகரங்கள் எடுத்துக்கொண்டன. 2018இல் அதற்கு ஐ.நா. பொதுச் சேவை விருதும் கிடைத்தது. அதில் யோசனைகளைப் பெறுவது ஒரு கட்டம், அதிகாரிகள் ஆராய்ந்து மதிப்பிடுவது தனிக் கட்டம், விலையை வெளியிடுவது அதற்கடுத்த கட்டம், அதன் பிறகே வாக்கெடுப்பு. இயலாது என்று ஒதுக்கும் யோசனைக்கு ஏன் இயலாது என்ற விளக்கத்தை அதே பக்கத்தில் எழுத இடமிருக்கிறது. நம் இளைஞர்கள் எல்லாவற்றையும் புதிதாக எழுதுவதைவிட, இதையோ பார்சிலோனாவில் உருவான டெசிடிம் மென்பொருளையோ அடிப்படையாகக் கொண்டு, மூன்று நிதிகளின் கணக்கை அதில் சேர்ப்பது மேல் என்று நினைக்கிறேன். இரண்டுமே அஃபெரோ பொது உரிமத்தின் கீழ் வெளியானவை; திருத்தி இணையத்தில் இயக்குபவர் திருத்திய மூல நிரலையும் பயன்படுத்துவோருக்குத் தர வேண்டும் என்பது அந்த உரிமத்தின் நிபந்தனை.

இந்த நிபந்தனையைச் சிலர் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. வாக்குகளை எண்ணுவதும், ஒரே மாதிரியான இரண்டு யோசனைகளை ஒன்றாக்குவதும், எது முதலில் தெரிய வேண்டும் என்று வரிசைப்படுத்துவதும் நிரலுக்குள் நடக்கும் காரியங்கள். ஒரு வார்டின் யோசனை திடீரென்று பட்டியலில் கீழே போய்விட்டால், ஏன் போனது என்று நிரலைப் படிக்கத் தெரிந்த ஒருவராவது பார்த்துச் சொல்லும் நிலை இருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் பூட்டி வைத்த மென்பொருளில் அது நடக்காது. ஒப்பந்தம் முடிந்ததும் பழைய பதிவுகளே கைக்கு எட்டாமல் போன கதையும் உள்ளாட்சி அலுவலகங்களுக்குப் புதிதல்ல. தவிர, கூடலூரோ கொடைக்கானலோ நாளைக்கு இதே தளத்தைக் கேட்டால், பைசா செலவில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

நிரலைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, கணக்கும் திறந்திருக்க வேண்டும். மலையில் உள்ள ஓர் உள்ளாட்சி அமைப்பின் பட்ஜெட்டை இந்த இளைஞர்கள் இணையத்திலிருந்து இறக்கியிருந்தார்கள். அச்சிட்ட தாளைச் சாய்வாக ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கிய கோப்பு. ஒரு பக்கத்தில் அலுவலக முத்திரை சரியாக, ஆண்டின் நடுவில் மாற்றி எழுதும் 'திருத்திய மதிப்பீடு' பத்தியின் மேலேயே விழுந்து மூன்று எண்களை மறைத்திருந்தது. அதிலிருந்து எண்களைக் கையால் தட்டச்சு செய்துதான் சோதனைத் தளத்தில் ஏற்றியிருக்கிறார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4ஆம் பிரிவு, பட்ஜெட் ஒதுக்கீட்டையும் உத்தேசச் செலவுகளையும் வழங்கிய தொகைகளையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று சொல்கிறது. அப்படி வெளியிடும்போது கணினியில் கூட்டிக் கழிக்கக்கூடிய அட்டவணையாகவே வெளியிடலாம். அலுவலகக் கணினியில் அது அப்படித்தான் இருக்கிறது, அச்சிட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்யும்போதுதான் படமாகிவிடுகிறது.

இன்னொன்று, தளம் வரும் ஆண்டுக்கான மதிப்பீட்டை மட்டும் காட்டுகிறது. பட்ஜெட்டைப் படித்துப் பழகியவர்கள் முதலில் பார்ப்பது முன்னாண்டு உண்மையில் என்ன செலவானது என்ற பத்தியைத்தான். மழைநீர்க் கால்வாய்க்கு ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கி, திருத்திய மதிப்பீட்டில் பாதியாக்கி, கடைசியில் அதிலும் பாதிகூடச் செலவழியாத தலைப்பு இருந்தால், அங்கே 'இன்னும் கூட்டுங்கள்' என்று கேட்பதில் பயனில்லை. 'ஏன் செலவழிக்கவில்லை' என்றுதான் கேட்க வேண்டும். மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என்ற மூன்று பத்திகளையும் அருகருகே வைத்தாலே மக்களின் பாதி யோசனைகள் கேள்விகளாக மாறிவிடும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது அலுவலகத்துக்குச் சிரமமாக இருக்கும் என்பதை அறிவேன்.

யாருக்கு வாக்கு என்பதில் இளைஞர்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு. கைப்பேசி எண்ணும் சொத்து வரி எண்ணும் இருந்தால் போதும் என்கிறார்கள் அவர்கள். மலை ஊர்களில் அது ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். சென்னையிலும் பெங்களூரிலும் வசித்துக்கொண்டு இங்கே விடுமுறை பங்களா வைத்திருப்பவரிடம் சொத்து வரி எண் இருக்கிறது, வேகமான இணையமும் இருக்கிறது. வாடகை வீட்டில் முப்பது ஆண்டுகளாக இருக்கும் காய்கறிச் சுமை தூக்கும் தொழிலாளியிடமும், தோட்ட லைன் வீட்டில் இருக்கும் குடும்பத்திடமும் வரி எண் இல்லை. கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்க மேட்டுக்கு ஏற வேண்டிய வளைவுகளும் உண்டு. பங்களாக்காரர்களை நான் அந்நியராக்கச் சொல்லவில்லை. வரி கட்டுகிறார்கள், யோசனை சொல்லட்டும், விவாதிக்கட்டும். வாக்கு மட்டும் அந்த வார்டில் உண்மையில் குடியிருப்பவருக்கே இருக்க வேண்டும். மாட்ரிட்டிலும் நகரின் குடியிருப்போர் பதிவேட்டில் உள்ள 16 வயது நிறைந்தவர்களுக்கே வாக்கு. நம்மிடம் அப்படிப் பதிவேடு இல்லாவிட்டாலும் வார்டு வாக்காளர் பட்டியல் இருக்கிறது. எதற்காகவும் ஆதார் எண்ணை வாங்கிச் சேமித்து வைக்க வேண்டாம்.

சிக்னல் இல்லாதவர்களுக்கு வழி, வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைதான். அரசியல் சட்டத்தின் 243-எஸ் பிரிவு வார்டு குழுக்களைக் கட்டாயமாக்குவது மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு மட்டுமே. 2011 கணக்கெடுப்பின்படி உதகையிலேயே மக்கள் தொகை 88,430தான். எனவே தமிழக அரசு நகர்ப்புறங்களுக்கு வார்டு குழு, பகுதி சபை விதிகளைக் கொண்டுவந்து, 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளன்று கூட்டங்களையும் தொடங்கியது நமக்குப் பெரிய வாய்ப்பு. ஆனால் பகுதி சபைக்கு வருபவர் கையில் கணக்கு எதுவும் இருப்பதில்லை. மனுக்களை வாங்கிக்கொண்டு கலைவதோடு கூட்டம் முடிந்துவிடுகிறது. தளத்தில் உள்ள யோசனைகளையும் மதிப்பீடுகளையும் ஒரே தாளில் அச்சிட்டுக் கூட்டத்தில் கொடுக்கட்டும். அங்கே வாயால் சொல்லப்படும் யோசனையையும் கைதூக்கும் வாக்கையும் அங்கேயே தளத்தில் ஏற்றட்டும். படுகர், கோத்தர், இருளர், பணியர் என்று வீட்டில் வேறு மொழி பேசுவோர் உள்ள மாவட்டத்தில், எழுதச் சொல்வதைவிடப் பேசச் சொல்வதே பலருக்கு எளிது.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் யோசனை கேட்டு மார்ச்சில் பட்ஜெட் போட்டால் அது கண்துடைப்பு. அதற்குள் அலுவலகத்தில் பட்ஜெட் தயாராகியிருக்கும். மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஏப்ரலில் பணம் ஒதுக்கி, ஒப்பந்தப்புள்ளி முடிவதற்குள் ஜூன் வந்துவிட்டால், கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் மண்வேலை எதுவும் செய்ய முடியாது; அங்கே டிசம்பருக்குப் பிறகுதான் வேலைக் காலம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நேர்மாறு: பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான் வரும், 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட மண்சரிவுகளும் அந்தப் பருவத்தில்தான் நிகழ்ந்தன, இங்கே தடுப்புச் சுவர் வேலை செப்டம்பருக்குள் முடிந்தாக வேண்டும். நடுவில் ஏப்ரல், மே சீசன் கூட்டத்தில் சாலையைத் தோண்ட யாரும் அனுமதிக்க மாட்டார்கள். ஆகவே குன்னூருக்கு ஜூலை, ஆகஸ்டில் யோசனை பெற்று, அக்டோபர், நவம்பர் மழையில் தண்ணீர் எங்கே பாய்கிறது என்று பொறியாளர்கள் நேரில் பார்த்து மதிப்பீடு போட்டு, ஜனவரியில் வாக்கெடுப்பு முடித்து, பட்ஜெட் நிறைவேறிய கையோடு ஒப்பந்தப்புள்ளி கோரினால்தான் அடுத்த மழைக்கு முன் சுவர் நிற்கும். கூடலூருக்கு வேறு நாட்காட்டி வேண்டும். தளத்தில் இந்தத் தேதிகளை ஊருக்கு ஊர் மாற்றி அமைத்துக்கொள்ள வசதி இருக்கிறதா என்று கேட்டேன். எளிதில் சேர்க்கலாம் என்றார்கள்.

யார் கையில் எது என்பதையும் தளம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உதகையில் படகு இல்லம் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது, தாவரவியல் பூங்கா தோட்டக்கலைத் துறையுடையது, மேட்டுப்பாளையம் சாலை தேசிய நெடுஞ்சாலை; குன்னூரை ஒட்டிய வெலிங்டன், கண்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்பு) நிர்வாகத்தின் கீழ் வருகிறது. யோசனை எழுதுபவர் வரைபடத்தில் இடத்தைத் தொட்டதுமே 'இது நகராட்சிப் பொறுப்பில் இல்லை, இன்ன துறைக்கு அனுப்பலாம்' என்று தெரிந்தால் பாதி ஏமாற்றம் தவிர்ந்துவிடும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். மாவட்டத்தின் உதகை, குன்னூர் முதலிய நகராட்சிகளின் பட்ஜெட் செய்தியை ஆண்டுதோறும் 'இத்தனை லட்சம் உபரி' அல்லது 'பற்றாக்குறை' என்ற ஒரு வரியோடு வெளியிடுகிறீர்கள். அடுத்த முறை, நீலகிரிப் பதிப்பில் மட்டுமாவது, மூன்று நிதிகளின் வரவையும் செலவையும் தனித்தனியாக, முன்னாண்டு உண்மைச் செலவோடு சேர்த்து ஓர் அட்டவணையாக வெளியிட வேண்டுகிறேன். கால் பக்கம் போதும். அதைத் தயாரிப்பதில் உதவி வேண்டுமானால் நானும், அந்த இளைஞர்களும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நகராட்சிக் கணக்கர் ஒருவர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.